ஓடுவதை அளப்போம்: பிள்ளைகளுக்குத் தூரம், நேரம், வேகம் கற்றுத்தர முழுமையான வழிகாட்டி

பினாங்கு பாயான் பாருவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை காலைகளில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்முறை வகுப்பு நடத்துகிறேன். அங்கே பலமுறை செய்து, தவறி, திருத்திய பாடம் இது. உதவிக்கு வரும் பெற்றோரும் கல்லூரிப் பிள்ளைகளும் எங்கே இடறுகிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். வேகம் = தூரம் ÷ நேரம் என்று வெண்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகிறார்கள். பிள்ளைகள் வகுத்தல் கணக்குப் போடுகிறார்கள், எதையும் அளப்பதில்லை. ஆறாம் ஆண்டு அறிவியலில் வேகம் வரும்போது விடை சரியாக வந்துவிடும். "சரி, நீ நடக்கும் வேகம் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும், "ஐம்பது, டீச்சர்" என்பார்கள். ஐம்பது என்ன என்று கேட்டால் பதில் இருக்காது.

அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் தூரம், அடுத்து நேரம், இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் வேகம். மூன்று சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் நேரத்தை அளக்கும் பகுதிதான் அடிபடும். பாடத்தின் உயிரே அதில் இருக்கிறது.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

30 மீட்டர் அளவுநாடா ஒன்று, சுண்ணக்கட்டி, மாஸ்கிங் டேப், விநாடிமானி உள்ள கைப்பேசிகள் மூன்று, 30 செண்டிமீட்டர் அடிக்கோல்கள், கோலிக்குண்டுகள், மோட்டார் இல்லாத பொம்மைக் காடி (கார்), ஒரு மீட்டருக்குக் குறையாத பலகை, சதுரக் கட்டம் போட்ட நோட்டு. இவை போதும்.

இதோடு 'பத்து செரம்பான்' (ஐந்துகல் போன்ற ஆட்டம்) விளையாடும் சின்னத் துணிப்பொட்டலங்கள் இருபது தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிக்கு அவை கட்டாயம் வேண்டும். போத்தல் மூடிகளையும் போட்டுப் பார்த்தேன். விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டுவிடுகின்றன. பச்சைப்பயறு நிரப்பிய பொட்டலம் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

நீண்ட நாடா கிடைக்காவிட்டால் 5 மீட்டர் இரும்பு நாடாவும் இழுத்தால் நீளாத கயிறும் போதும். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். முடிச்சு போடாதீர்கள், ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் கயிற்றைத் தின்றுவிடும்.

பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரியுங்கள். ஒருவர் ஓடுவார், ஒருவர் கொடி காட்டுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். ஆறு பேர் இருந்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், மூவர் என்றால் ஓடியவரே எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் வேகமாக ஓடும் பையன் கடைசிவரை ஓடிக்கொண்டே இருப்பான், விநாடிமானியைத் தொடவே மாட்டான்.

காலை எட்டரைக்குத் தொடங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் சிமெண்டுத் தரை சுடும், பிற்பகல் மழை வந்தால் சுண்ணக்கட்டிக் கோடு போய்விடும்.

2. தொடக்கம் ஒரு கேள்வி, சூத்திரம் அல்ல

மூன்று சீட்டுகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதல் பிள்ளை: 20 மீட்டர், 5 விநாடி.
இரண்டாம் பிள்ளை: 20 மீட்டர், 4 விநாடி.
மூன்றாம் பிள்ளை: 30 மீட்டர், 6 விநாடி.

யார் வேகம்? முதல் இருவரையும் உடனே ஒப்பிட்டுவிடுவார்கள், தூரம் ஒன்றுதானே. மூன்றாமவரிடம்தான் சண்டை தொடங்கும். "ஆறு விநாடி எடுத்துக்கொண்டான், அவன்தான் மெதுவு" என்று ஒரு கூட்டம், "அவன்தான் அதிக தூரம் ஓடினான்" என்று இன்னொரு கூட்டம்.

இங்கே நீங்கள் விடை சொல்லாமல் இருப்பதுதான் கடினம். சொல்லாதீர்கள். தூரமும் வேறு, நேரமும் வேறு என்றால் எப்படி நியாயமாக ஒப்பிடுவது என்ற கேள்வி அவர்களைக் குடையட்டும். வேகம் என்ற அளவு ஏன் வேண்டும் என்பதற்கான காரணமே அந்தக் குடைச்சல்தான். சீட்டுகள் சுவரிலேயே இருக்கட்டும், ஐந்தாம் படியில் திரும்பி வருவோம்.

3. தூரத்தை அளத்தல்

முதலில் கண்ணால் மதிப்பிடச் சொல்லுங்கள், பிறகு காலடியால், அதற்கப்புறம் நாடாவால். மதிப்பீட்டை நோட்டில் எழுதிய பிறகே நாடாவைக் கையில் கொடுங்கள். எழுதாவிட்டால், "நான் நினைத்ததும் அதுதான்" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

நாடாவைக் கொடுத்ததும் முதலில் பூஜ்யம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். சில நீண்ட நாடாக்களில் நுனி வளையத்தின் வெளி விளிம்பே பூஜ்யம். சிலவற்றில் வளையத்துக்குப் பிறகு கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான் அளவு தொடங்கும். இரும்பு நாடாவின் கொக்கி லேசாக ஆடும். பிள்ளைகள் அதை உடைந்துவிட்டதாக நினைத்து அழுத்திப் பிடிப்பார்கள். அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டித் தள்ளினாலும், கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகர்ந்து கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

நாடாவைச் சரியாகப் பிடிக்கிறார்களா என்று சோதிக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல இடம் பூப்பந்து (பேட்மிண்டன்) கோர்ட். தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. முறைப்படி போட்ட கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், இரட்டையர் ஆட்ட அகலம் 6.1 மீட்டர். இதைச் சொல்லாமல் நான்கு குழுக்களையும் அளக்க விடுங்கள். ஒரு குழு 13.40 என்று வரும், ஒரு குழு 13.32, ஒரு குழு 13.9.

13.32 எழுதியவர்களைத் தவறு என்று சொல்லிவிட வேண்டாம். கோட்டின் தடிமன் 40 மில்லிமீட்டர், அந்தக் கோடும் கோர்ட்டில் சேர்ந்ததுதான். அவர்கள் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு அளந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 8 செண்டிமீட்டர் போய்விட்டது. "எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புக்கு" என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே வந்துவிடும். 13.9 எழுதியவர்களின் நாடா நடுவில் வளைந்திருக்கும், அல்லது வலைக் கம்பத்தைச் சுற்றிப் போயிருக்கும். திரும்ப அளக்கட்டும்.

ஓடும் பொருளுக்கு இன்னொன்றும் முடிவுசெய்ய வேண்டும். பொருளின் எந்தப் பகுதி கோட்டைத் தாண்டும்போது கணக்கு? பொம்மைக் காடி என்றால் முன்மூக்கு, பிள்ளை என்றால் நெஞ்சு. தொடக்கக் கோட்டில் மூக்கு, முடிவுக் கோட்டில் பின்சக்கரம் என்று பார்த்தால், காடியின் நீளமும் தூரத்தில் சேர்ந்துவிடும்.

4. நேரத்தை அளத்தல்

அவசரப்படக் கூடாத படி இது. விநாடிமானியை அழுத்தத் தெரிவதும் நேரத்தை அளக்கத் தெரிவதும் வேறு வேறு.

முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். கைப்பேசித் திரையில் 01:05.30 என்று தெரிந்தால் அது ஒரு நிமிடம், ஐந்து விநாடி, ஒரு விநாடியில் நூறில் முப்பது பங்கு. பிள்ளைகள் இதை 1.05 என்று எழுதுவார்கள். பிறகு அதையே ஒரு நிமிடமாகவோ விநாடியாகவோ எடுத்துக்கொண்டு வகுப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில், நூறில் ஒரு பங்கு. நிமிடமோ அறுபது விநாடி. இந்த இரண்டும் கலப்பதுதான் இந்தப் பாடம் முழுவதிலும் நான் அதிகம் திருத்திய பிழை. ஒன்றரை நிமிடம் என்பது 1.5, அதை 1.30 என்று எழுதினால் கணக்கு கெடும். நான் வைத்திருக்கும் விதி எளிமையானது: நோட்டில் விநாடி மட்டும்தான் எழுத வேண்டும். 01:05.30 என்றால் 65.30.

அடுத்து, விரல் எவ்வளவு தாமதிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒருவர் அடிக்கோலின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடுகிறார். இன்னொருவர் கீழே பூஜ்யக் கோட்டுக்கு நேராகக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் திறந்து வைத்திருக்கிறார். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். கோல் எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். 10 செண்டிமீட்டர் விழுந்திருந்தால் சுமார் 0.14 விநாடி, 20 என்றால் 0.20, 30 என்றால் 0.25. விழும் பொருளுக்கு இந்தக் கணக்கு மாறாது என்பதால், அடிக்கோலே ஒரு கடிகாரம்தான். பெரும்பாலான பிள்ளைகள் 20 செண்டிமீட்டரை ஒட்டித்தான் பிடிப்பார்கள், சிலர் கோலையே தவறவிடுவார்கள்.

ஒரு பையன் விநாடிமானியை டக்டக்கென்று இரண்டு முறை அழுத்தி, "என் விரல் 0.11 விநாடிதான், டீச்சர்" என்று காட்டினான். எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்ப்பது இது. அவன் அளந்தது விரலின் வேகம், பார்த்ததற்கும் அழுத்தியதற்கும் இடைப்பட்ட நேரம் அல்ல. அடிக்கோலைக் கொடுத்து அவனையே வித்தியாசத்தைப் பார்க்க வையுங்கள்.

இந்த 0.2 விநாடி எப்போது கெடுக்கும், எப்போது கெடுக்காது? கோலி ஒன்று 2 மீட்டரை 1 விநாடியில் ஓடுகிறது என்று வையுங்கள். 0.2 விநாடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகினால் விடை விநாடிக்கு 1.7 மீட்டராகவும் வரும், 2.5 ஆகவும் வரும். அதே பிசகோடு ஒரு பிள்ளை 30 மீட்டரை 10 விநாடியில் ஓடியதை அளந்தால் 2.94, அல்லது 3.06. அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: நேரம் குறைந்தது 5 விநாடி வரும்படி தூரத்தை நீட்டுங்கள். புதிதாக வருபவர்கள் வீட்டு மேசை மேல் அரை மீட்டரில் கோலியை உருட்டி, "ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறதே" என்று சோர்ந்து போகிறார்கள். கோலியில் குறை இல்லை, பாதை நீளம் போதவில்லை.

தொடக்கத்துக்குக் கைதட்டலோ விசிலோ வேண்டாம், கொடியை இறக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 0.2 விநாடி தாமதம். 20 மீட்டரில் இந்தத் தாமதம் சின்னதுதான், ஆனாலும் பழக்கம் முதல் நாளே சரியாக வரட்டும்.

இன்னும் ஒன்று. "தொடக்கத்திலும் தாமதம், முடிவிலும் தாமதம், இரண்டும் கழிந்துவிடும்" என்று உதவிக்கு வருபவர்கள் சொல்வார்கள். முழுவதும் கழியாது. கொடி எப்போது இறங்கும் என்று தெரியாது, ஆனால் ஓடி வருபவர் கோட்டை நெருங்குவது கண்ணுக்குத் தெரியும். அதனால் முடிவில் பிள்ளைகள் முந்தி அழுத்துவார்கள், சில சமயம் கோட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போதே. மூன்று பேரை ஒரே ஓட்டத்துக்கு நேரம் பார்க்க வைத்து, நடு மதிப்பை எடுங்கள். 5.8, 6.1, 7.3 என்று வந்தால் 6.1. ஒருவர் தூங்கிவிட்டாலும் கணக்குக் கெடாது.

5. வேகத்தைத் தரையில் பார்த்தல்

இன்னும் வகுத்தல் வரவில்லை. கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள், விநாடிக்கு ஒரு தட்டு. ஒரு பிள்ளை கையில் பத்துப் பொட்டலங்களோடு நேராக நடக்கிறாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொட்டலத்தைப் போட்டுக்கொண்டே போகிறாள். முடிந்ததும் எல்லாரும் சுற்றி நின்று பாருங்கள்.

மெதுவாக நடந்த வரிசையில் பொட்டலங்கள் நெருங்கிக் கிடக்கும், விரைவாக நடந்ததில் விலகிக் கிடக்கும். ஒரே சீராக நடந்தால் இடைவெளியும் ஒரே சீர். நின்ற நிலையிலிருந்து ஓடத் தொடங்கியவரின் வரிசையில் முதல் இடைவெளி சின்னது, அடுத்தது பெரிது, அதற்கடுத்தது இன்னும் பெரிது. இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே கையை விரித்துக் காட்டி, "இதுதான் அவளுடைய வேகம்" என்று சொல்லுங்கள். ஒரு விநாடியில் கடந்த தூரம், தரையில், கண்ணுக்கு முன்னால். நான் சூத்திரத்தைச் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முளைக்கிறார்கள்.

பொட்டலம் போடும் பிள்ளை குனியக் கூடாது, கையைத் தொங்கவிட்டு விரலைத் திறந்தால் போதும். குனிந்தால் நடையே மாறிவிடும். ஓடும்போது பொட்டலமும் கொஞ்ச தூரம் கூடவே பறந்து விழும். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி பறப்பதால், சீராக ஓடும்போது இடைவெளி பெரிதாகக் கெடாது.

இப்போது 20 மீட்டருக்குக் கோடு போட்டு, ஒவ்வொருவரும் ஒருமுறை நடக்கட்டும், ஒருமுறை ஓடட்டும். தொடக்கக் கோட்டுக்கு மூன்று மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, கோட்டைத் தாண்டும்போது கொடி இறங்கினால், முதல் அடிகளின் தயக்கம் கணக்கில் சேராது. "20 மீட்டருக்கு 16 விநாடி. பொட்டலம் இல்லாமல், ஒரு விநாடிக்கு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" பிள்ளைகள் 20-ஐ 16 பங்காக்குவார்கள். வந்துவிட்டது: விநாடிக்கு 1.25 மீட்டர்.

சுவரில் இருக்கும் சீட்டுகளுக்குப் போங்கள். முதல் பிள்ளை 4, இரண்டாமவர் 5, மூன்றாமவரும் 5. சண்டை போட்ட இரு கூட்டமும் ஒரே நேரத்தில் அமைதியாகும். இந்தச் சமநிலைக்காகவே எண்களை அப்படித் தேர்ந்தெடுத்தேன். ஒருவர் வென்றுவிட்டால் பிள்ளைகள் வெற்றியைப் பற்றிப் பேசுவார்கள், சமமாக வந்தால்தான் "எப்படி?" என்று கேட்பார்கள்.

தலைகீழாக வகுத்தவர்களும் இருப்பார்கள். 16 ÷ 20 = 0.8. அதை அழிக்கச் சொல்லாதீர்கள். 0.8 என்பது ஒரு மீட்டருக்கு ஆன விநாடி. அதற்கும் பொருள் உண்டு, ஆனால் அந்த எண் பெரிதாக ஆக ஓட்டம் மெதுவாகும். "எது பெரிதானால் வேகம் என்று சொல்ல நமக்கு வசதி?" என்று கேட்டால் போதும்.

6. உருளும் பொருள்கள்

பலகையின் ஒரு முனையை மூன்று புத்தகங்கள் மேல் வைத்துச் சாய்த்து, காடியை மேலிருந்து விடுங்கள். தள்ளக் கூடாது. விரலால் விட்டால் அறியாமலேயே கொஞ்சம் தள்ளிவிடுவோம். காடிக்கு முன்னால் அடிக்கோலைக் குறுக்கே வைத்து, அதை நேரே மேலே தூக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பும்.

அதற்கு முன்னால் தரையைச் சோதியுங்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத் தரை, மழைநீர் ஓட வேண்டும் என்பதற்காகச் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். கோலியை வைத்துப் பாருங்கள், தானே உருண்டால் இடத்தை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஒரு காலைப் பொழுதையே இழந்திருக்கிறேன். பிள்ளைகள் அளந்ததெல்லாம் சரி, தரைதான் எல்லாரையும் ஏமாற்றியது.

எங்கிருந்து எங்கு அளப்பது? பலகை முடிந்து சமதரை தொடங்கும் இடத்திலிருந்து காடி நிற்பதற்கு முன் ஒரு கோடு வரை. சாய்வின் மேலேயே அளந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும், அதைப் பிறகு பார்க்கலாம். சமதரையிலும் வேகம் மெல்லக் குறையும். ஆகவே வருவது சராசரிதான் என்று சொல்லிவையுங்கள்.

இரண்டு புத்தகம், மூன்று, நான்கு என்று உயரத்தை மட்டும் மாற்றுங்கள். ஆர்வத்தில் பிள்ளைகள் புத்தகத்தையும் கூட்டி, காடியையும் மாற்றிவிடுவார்கள். அப்புறம் எதனால் வேகம் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று முறை விடுங்கள். வந்த எண்கள் மூன்றும் நோட்டில் இருக்கட்டும். பிடிக்காததை அழிக்கும் வழக்கம் இந்த வயதிலேயே தொடங்குகிறது. காடி சுவரில் முட்டியது, கொடி தவறியது என்று காரணம் இருந்தால் மட்டும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதட்டும்.

பாதை நீளம் குறைவாக இருந்து 5 விநாடி வரவே வராது என்றால், கைப்பேசியில் காணொலி எடுங்கள். விநாடிக்கு 30 படங்கள் என்று அமைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 0.03 விநாடி. காடி முதல் கோட்டைத் தொட்ட படத்திலிருந்து கடைசிக் கோட்டைத் தொட்ட படம் வரை எண்ணினால் விரல் தாமதமே இல்லை. கைப்பேசி பாதையின் நடுவுக்கு நேராக, தள்ளி, அசையாமல் இருக்க வேண்டும். கூடவே தூக்கிக்கொண்டு ஓடினால் கோடு எங்கே என்று தெரியாது.

7. மீட்டரிலிருந்து கிலோமீட்டருக்கு

பிள்ளைகளுக்குத் தெரிந்த வேகமெல்லாம் மணிக்கு கிலோமீட்டர். அளப்பதோ விநாடிக்கு மீட்டர். விநாடிக்கு 1 மீட்டர் என்றால் 3,600 விநாடியில் 3,600 மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர். அதனால் 3.6-ஆல் பெருக்க வேண்டும். 60-ஆல் பெருக்கிவிட்டு நிறுத்துபவர்களை இந்த வரியை வாயால் சொல்ல வையுங்கள், எங்கே நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

விநாடிக்கு 5 மீட்டர் ஓடிய பிள்ளைக்கு மணிக்கு 18 கிலோமீட்டர். முகத்தைப் பாருங்கள்! அப்புறம் நம் நாட்டு ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசனின் கணக்கைக் கொடுங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். மலேசியச் சாதனையாக அது 2017 வரை நின்றது. விநாடிக்கு 9.56 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். தங்கள் 20 மீட்டர் கோட்டுக்குப் போய், "அவர் இதை இரண்டே விநாடியில் தாண்டியிருப்பாரா?" என்று அவர்களே கேட்பார்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்.

8. சாலையில் போகும் வண்டிகள்

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், வேலிக்கு உள்ளே நின்று மட்டும் செய்யுங்கள். வண்டி எண்ணை எழுத வேண்டாம், ஓட்டுபவரைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

பள்ளிக்கு வெளியே 30 என்று வேகவரம்புப் பலகை இருக்கும். 30 என்றால் விநாடிக்கு 8.33 மீட்டர். நடைபாதையில், முன்கூட்டியே, பெரியவர்களே சரியாக 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்து வையுங்கள், விளக்குக் கம்பமோ மரமோ. 50 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் அது மணிக்கு 30. 3 விநாடியில் கடந்தால் 60. அதனால் பிள்ளைகளுக்கு அங்கே கணக்கே வேண்டாம், ஆறு என்ற ஓர் எண் போதும்.

ஒரே இடத்தில் நின்று இரண்டு கம்பத்தையும் பார்த்தால் கோணம் ஏமாற்றும். தூரத்துக் கம்பத்தை மோட்டார் சைக்கிள் எப்போது தாண்டியது என்று சரியாகத் தெரியாது. முதல் கம்பத்துக்கு நேராக நிற்பவர் கையை இறக்க, இரண்டாவதற்கு நேராக நிற்பவர் நேரம் பார்க்கட்டும். அப்படியும் 3 விநாடியில் 0.2 பிசகு என்றால் 56-க்கும் 64-க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். "60-ஐ ஒட்டிப் போகிறது" என்று எழுதுவதுதான் நேர்மை. "61.3" என்று எழுதும் பிள்ளையிடம், அந்த .3-ஐ எந்தக் கருவி சொன்னது என்று கேளுங்கள்.

திரும்பி வரும்போது, சாலையின் அகலத்தையும் தாங்கள் நடக்கும் வேகத்தையும் வைத்து, கடக்க எத்தனை விநாடி ஆகும் என்று கணக்கிடச் சொல்கிறேன். 7 மீட்டர் சாலைக்கு விநாடிக்கு 1.25 மீட்டர் நடை என்றால் ஐந்தரை விநாடிக்கு மேல். 60-இல் வரும் மோட்டார் அதற்குள் 90 மீட்டருக்கு மேல் வந்துவிடும். இந்த ஒரு கணக்குக்காகவே இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப நடத்துகிறேன்.

9. சராசரி வேகம்

பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலின் மேல். காடியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டு கிலோமீட்டர் பலகைகளுக்கு இடையே நேரம் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி என்றால் மணிக்கு 80. வேகமானியில் அப்பா பார்க்கும் எண்ணோடு ஒப்பிடட்டும். ஓட்டுபவர் நேரம் பார்க்கக் கூடாது.

பினாங்குக் கொடிமலை மேல் ஏறும் இரயிலும் நல்ல களம். தண்டவாளம் சுமார் 2 கிலோமீட்டர். கதவு மூடியதிலிருந்து மேலே நிற்கும்வரை 5 நிமிடம் ஆனால், 2,000 ÷ 300, விநாடிக்கு ஏறக்குறைய 6.7 மீட்டர். நடுவில் நின்றால் அந்த நேரமும் சேரும். "ஆனால் அது நின்றபோது வேகம் பூஜ்யம்தானே?" என்று கேட்கும் பிள்ளை சராசரி என்றால் என்ன என்று புரிந்துகொண்டுவிட்டது.

இதை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுவது தைப்பூச வெள்ளி இரதம். விடியற்காலையில் நகரிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் தேங்காய் உடைப்பதற்கும் அர்ச்சனைக்கும் நின்று நின்று, இரவில்தான் தண்ணீர்மலையை அடைகிறது. தூரத்தை வரைபடச் செயலியில், இரதம் போகும் சாலைகள் வழியாக, பிள்ளைகளே அளக்கட்டும். மொத்த மணியால் வகுத்தால் வரும் எண் நடையில் பாதிகூட இருக்காது. "ஆனால் நாங்கள் கூடவே நடந்தோமே, டீச்சர்!" என்பார்கள். ஆமாம், நகர்ந்தபோது நடை வேகம். நின்ற நேரத்தையும் சேர்த்தால்தான் சராசரி. இரண்டு எண்ணும் சரி, கேள்விதான் வேறு.

10. வரைபடம்

நேரம் கிடைமட்டக் கோட்டில், தூரம் செங்குத்துக் கோட்டில். பொட்டல வரிசையை அளந்த எண்களையே புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். சாய்வாக ஏறும் கோட்டைப் பார்த்து, "மலை ஏறினான்" என்பார்கள். சமதரையில் நடந்த தங்கள் நடைதான் அது என்று தெரியும்போது அந்தக் குழப்பம் போய்விடும். ஒருவரை நடுவில் மூன்று விநாடி நிற்கச் சொல்லி, வரைபடத்தில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஆறாம் ஆண்டுக்கு இது போதும்.

11. விடையை நம்பலாமா

ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "நம்பலாம்" அல்லது "பார்க்கணும்" என்று எழுதவைக்கிறேன். ஒப்பிட அவர்கள் கையிலேயே எண்கள் இருக்கின்றன. நடை விநாடிக்கு 1 முதல் 1.5 மீட்டர் வரை, ஓட்டம் 4, 5. பொருத்தமில்லாமல் வந்தால் முதலில் அலகு, அடுத்து நிமிடம்-விநாடி, அப்புறம் நாடாவின் பூஜ்யம், இந்த வரிசையில் தேடட்டும். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே அகப்படும்.

போன முறை ஒரு சிறுமி தன் பொம்மைக் காடிக்கு விநாடிக்கு 240 மீட்டர் என்று எழுதியிருந்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் அதை 3.6-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், 864. இது ஏரோபிளேன்" என்றாள். நோட்டைத் திருப்பினாள். தூரம் 480, பக்கத்தில் அலகு இல்லை. நாடாவை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடினாள், திரும்ப அளந்தாள், 4.80 மீட்டர் என்று எழுதினாள். கீழே 2.4 என்று போட்டு, இந்த முறை அலகையும் எழுதினாள்.